அளவியும் நிர்ணயத் தொகையும்: நத்தம் – திண்டுக்கல் சமவெளியை முன்வைத்துத் தமிழக மின்கட்டண வரலாறு (1910–2022)

ஆய்வுச் சுருக்கம்

மின்சாரத்தை அளந்து அதற்கேற்ப விலை பெறுவது ஒரு முறை. அளக்காமல், முன்னரே வரையறுத்த ஒரு தொகையைத் தவணைதோறும் பெறுவது மற்றொரு முறை. தமிழகத்தின் மின்கட்டண வரலாறு இவ்விரு முறைகளுக்கும் இடையே பலமுறை மாறி மாறிச் சென்றுள்ளது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று ஊரடங்கின்போது வீட்டு நுகர்வோரிடம் முந்தைய பட்டியலின் தொகையே மீண்டும் பெறப்பட்டதும், பின்னர் நான்கு மாத அளவீடு இரண்டாகப் பகுக்கப்பட்டதும் மிகைவசூல் என்ற குற்றச்சாட்டை எழுப்பின. அந்நிகழ்வை 1910ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகள் வரையிலான தொடர்ச்சியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கிணற்றுப் பாசனமும் நூற்பாலைகளும் சட்டைத் தைப்பும் ஒருங்கே அமைந்த நத்தம் – திண்டுக்கல் சமவெளி ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்கட்டணம், மின் அளவி, நிர்ணயத் தொகை, இருமாதக் கணக்கீடு, அடுக்கு தாவல், நத்தம், திண்டுக்கல்.

1. வாரமும் குத்தகையும்

தமிழக வேளாண் வழக்கில் நிலத்தின் பயனைப் பகிர இரண்டு ஏற்பாடுகள் நெடுங்காலமாக உண்டு. களத்தில் அளந்த விளைச்சலில் இத்தனை பங்கு எனக் கொடுப்பது வாரம். விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய அளவைக் கொடுத்துவிடுவது குத்தகை. வாரத்தில் அளவுகாரனை நம்பவேண்டும். குத்தகையில் முன்னரே பேசிய எண்ணை நம்பவேண்டும். இரண்டிலும் ஏமாற இடமுண்டு என்றாலும் ஏமாறும் விதம் ஒன்றன்று. வாரத்தில் தவறு நேர்ந்தால் மரக்காலைக் காட்டி வழக்காடலாம். குத்தகையில் அந்த எண் எப்படி வந்தது என்பதைத்தான் கேட்கவேண்டியிருக்கும்.

திண்டுக்கல் பகுதிக்கு இவ்வேறுபாடு வரலாற்றில் புதிதன்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் நிலம் அளக்கப்பட்டுத் தீர்வை வகுக்கப்பட்டது. அதையொட்டி நிலங்கள் நிலையான பேஷ்குஷ் தொகைக்குக் கட்டுப்பட்ட பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. கடந்த ஆண்டுகளின் வசூலை வைத்து வருங்காலத்துக்குத் தொகை வரைந்த அவ்வேற்பாடு, பல இடங்களில் நிலுவை ஏறிச் சில ஆண்டுகளிலேயே குலைந்தது. அதற்கும் முன்னர், 1755இல் பாளையக்காரர்களிடம் பாக்கி வசூலிக்கப் புறப்பட்ட கர்னல் ஹெரானின் படை, திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்களின் தாக்குதலுக்கு ஆளானதும் இவ்வட்டாரம் அறிந்த செய்தி. வருவாய்த்துறை வழக்கில் ‘நத்தம்’ என்ற சொல் தீர்வை விதிக்கப்படாத குடியிருப்பு நிலத்தைக் குறிக்கிறது. வசூலோடு இத்தனை தொடர்புடைய ஊருக்கு அப்பெயர் அமைந்திருப்பது ஒரு சுவையான முரண்.

மின்சாரத்தின் வரலாற்றை இவ்விரு சொற்களைக் கொண்டு படிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அளவியின்படி செலுத்துவது வாரத்தை ஒத்தது. குதிரைத்திறன் கணக்கு, குறைந்தபட்சக் கட்டணம், முந்தைய பட்டியலின் தொகை, தானாகக் கழியும் மாதத் தவணை ஆகியன குத்தகையின் வகைகள்.

2. ‘சரியான அளவி’ என்னும் சட்டக் கருத்து

1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாறான உடன்பாடு இல்லாத நிலையில் நுகர்வோருக்கு வழங்கிய மின்சாரத்தின் அளவு சரியான அளவியைக் கொண்டே அறியப்படவேண்டும் என்று கூறியது. அளவியின் சரித்தன்மை பற்றி வழக்கு எழுந்தால் அதை மின் ஆய்வாளர் தீர்மானிப்பார். அளவி தவறெனக் கண்டால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு அவர் நுகர்வை மதிப்பிடலாம். மதிப்பீட்டுக்கு இங்கே ஒரு காலவரம்பும், உரிமதாரர் அல்லாத ஒரு நடுவரும் இருந்தமை கவனத்துக்குரியது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, அரசு ஏற்கும் வேறு முறைகளிலும் கட்டணம் பெறலாம் என்று இடம் விட்டது. ஆகவே அளவீடு நெறியாகவும் நிர்ணயத் தொகை விலக்காகவும் ஒரே சட்டத்துக்குள் தொடக்கம் முதலே உடனுறைந்தன.

சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் திட்டங்கள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. 1948ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டத்தின் கீழ் 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. அதன்பின் கிராம மின்மயமாக்கம் விரைந்தது. கமலையில் நீர் இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்புகள் ஏறின. மழை குறைந்த திண்டுக்கல் சமவெளியிலும், கரந்தமலைக்கும் சிறுமலைக்கும் அடிவாரமான நத்தம் பகுதியிலும் பாசனம் என்பதே பெரும்பாலும் கிணற்றைச் சார்ந்தது. வாய்க்கால் நீருக்குத் தீர்வை கட்டிய டெல்டா உழவனுக்கு மின்கட்டணம் ஒரு கூடுதல் செலவாக இருந்திருக்கலாம். கிணற்றுப் பாசன உழவனுக்கோ அதுவே நீரின் விலையாக இருந்தது.

3. ஒரு பைசாவிலிருந்து குதிரைத்திறனுக்கு

1970இல் பாசன பம்புகளுக்கான கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. கோவை மாவட்ட உழவர்கள் சி. நாராயணசாமி நாயுடுவின் (1925–1984) தலைமையில் கிளர்ந்தனர். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். உயர்வில் ஒரு பைசா குறைக்கப்பட்டு 9 பைசா ஆயிற்று. 1972இல் கட்டணம் 12 பைசாவாக ஏற்றப்பட்டபோது போராட்டம் மேலும் விரிந்தது. கோவை நகரச் சாலைகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. மீண்டும் துப்பாக்கிச் சூடு. மீண்டும் ஒரு பைசா குறைப்பு. 1978இல் கடன் தள்ளுபடியும் மின்கட்டணக் குறைப்பும் கேட்டு எழுந்த கிளர்ச்சியின்போது இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டாரத்திலும் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். அப்போது இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15 அன்றுதான்.

இப்போராட்டங்கள் விலையைப் பற்றியவை என்றே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. அது சரியே, எனினும் முழுமையன்று. ஒரு பைசா ஏறினால் ஒவ்வோர் உழவனும் தன் இழப்பைக் கணக்கிட்டுச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கட்டணம் யூனிட்டை ஒட்டி இருந்தமை. கிணற்று மேட்டில் ஓர் அளவி இருந்தது, அதில் ஓர் எண் இருந்தது, அந்த எண்ணைப் பைசாவால் பெருக்கலாம். போராட்ட மொழி பைசாக் கணக்கிலேயே அமைந்தது அளவியின் கொடை எனலாம்.

1984இல் சிறு உழவர்களுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. ஏனையோர் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என ஆண்டுத்தொகை செலுத்தும் முறைக்கு மாறினர். 1990இல் எல்லா உழவர்களுக்கும் இலவசம் என்றானது. இம்மாற்றம் உழவர் இயக்கத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்துடன் அளவியும் கிணற்று மேட்டைவிட்டு அகன்றது. அதன் பின் பாசனத்துக்கு எவ்வளவு மின்சாரம் செல்கிறது என்பது மாதிரி அளவீடுகளையும் மதிப்பீடுகளையும் கொண்டு வாரியம் கூறும் ஒரு தொகையாயிற்று. உழவர் பணம் கட்டுவதில்லை. அவர் பெயரில் அரசு மானியம் கட்டுகிறது. அளக்கப்படாத நுகர்வுக்கு யார் கட்டினாலும் அது குத்தகையே.

2003இல் ஒரு சிறு திருப்பம் நேர்ந்தது. 1999இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் முதல் கட்டண ஆணையை 2003 மார்ச்சில் வெளியிட்டது. அதன்படி அளவி இல்லாத பாசன இணைப்புகளுக்குக் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் வரையறுக்கப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதும் அவ்வாண்டு மே மாதத்திலேயே இலவசம் மீண்டது. மத்தியில் நிறைவேறிய 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சரியான அளவி இன்றி எந்த உரிமதாரரும் மின்சாரம் வழங்கலாகாது என்றது. ஆணையம் நீட்டிக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. தமிழகத்தின் பாசன இணைப்புகளுக்கும் குடிசை இணைப்புகளுக்கும் அந்நீட்டிப்பு மீண்டும் மீண்டும் தரப்பட்டது.

4. வெள்ளை அட்டையும் 500 யூனிட் வரம்பும்

வீட்டு இணைப்புகளின் கதை வேறு. அங்கே அளவி நிலைத்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கீட்டாளர் வந்து அளவியைப் பார்த்து, வீட்டில் இருக்கும் கணக்கீட்டு அட்டையில் நாள், அளவி காட்டும் எண், நுகர்ந்த யூனிட், தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுவார். பேச்சு வழக்கில் ‘ஈ.பி. அட்டை’ எனப்படும் இவ்வட்டை, நுகர்வோர் கையில் இருக்கும் ஒரே ஆவணம். வாரியத்தின் பதிவேட்டுக்கு எதிராக வைத்துப் பார்க்கக்கூடிய இரண்டாம் சான்றும் அதுவே. சமூக வரலாற்று ஆய்வாளர்கள் பயன்படுத்தாத மூலங்களுள் இது முக்கியமானது. ஒரு வீட்டில் எப்போது தொலைக்காட்சி வந்தது, எந்தக் கோடையில் குளிர்சாதனம் வந்தது, எப்போது வீடு பூட்டிக் கிடந்தது என்பதையெல்லாம் அந்த நான்கு பத்திகள் மறைமுகமாகச் சொல்லும்.

2016 மே மாதம் முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இருமாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. அதன்பின் 2022 வரை நடப்பில் இருந்த கட்டண அமைப்பு பின்வருமாறு. இருமாத நுகர்வு 200 யூனிட் வரை இருந்தால் 100க்கு மேற்பட்டதற்கு யூனிட் 1.50 ரூபாய், நிலைக்கட்டணம் 20 ரூபாய். 500 வரை இருந்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய், 201 முதல் 500 வரை 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். 500ஐக் கடந்துவிட்டால் 101 முதல் 200 வரை 3.50, 201 முதல் 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50 ரூபாய். இங்கே கூடுதல் விலை கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் உரியதன்று. வரம்பைத் தாண்டினால் தாண்டாத யூனிட்டுகளின் விலையும் ஏறும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,786.60 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 656.60 ரூபாய். இக்கட்டுரை இதனை ‘அடுக்கு தாவல்’ எனக் குறிக்கிறது.

இத்தகைய அமைப்பில் எத்தனை யூனிட் என்பதோடு எந்த நாளில் அளக்கப்பட்டது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு வீடு 120 நாட்களில் சீராக 892 யூனிட் நுகர்வதாகக் கொள்வோம். அறுபதாம் நாளில் அளந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 446 யூனிட். சுற்றுக்கு 968 ரூபாய் வீதம் 1,936 ரூபாய். கணக்கீட்டாளர் பத்து நாள் பிந்தி எழுபதாம் நாளில் வந்தால் முதற்சுற்று 520 யூனிட், 1,912 ரூபாய். அடுத்த சுற்று 372 யூனிட், 746 ரூபாய். கூட்டுத்தொகை 2,658. நுகர்வு மாறவில்லை, விலைப்பட்டியலும் மாறவில்லை, அளவியும் பழுதில்லை. 722 ரூபாய் மட்டும் கூடிவிட்டது. கணக்கீட்டாளர் தாமதமாக வந்தால் பட்டியல் ஏறுகிறது என்று நுகர்வோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை வெறும் மனத்தோற்றம் அன்று என்பதை இக்கணக்கே காட்டும். மாதந்தோறும் கணக்கீடு என்ற கோரிக்கை 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வின் வாக்குறுதிகளுள் இடம்பெற்றதன் பின்புலமும் இதுதான்.

5. 2020: முந்தைய பட்டியலின் தொகை

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும் கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்குச் செல்ல இயலவில்லை. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், முந்தைய கணக்கீட்டில் வந்த தொகையையே அச்சுற்றுக்கும் செலுத்துமாறு தாழ்வழுத்த நுகர்வோரை அறிவுறுத்தியது. செலுத்தும் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. நெருக்கடியில் இது இயல்பான தீர்வு. பூட்டிய வீட்டுக்கும் பழுதான அளவிக்கும் முந்தைய நுகர்வை அடியொற்றி மதிப்பிடுவது 2004ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மின்வழங்கல் தொகுப்பு விதிகளிலேயே ஏற்கப்பட்ட வழக்கம். தனித்தனி வீடுகளுக்கு விலக்காக இருந்தது, ஒரே வாரத்தில் மாநிலம் முழுமைக்கும் நெறியாயிற்று என்பதே புதுமை.

முந்தைய பட்டியல் என்பது பலருக்கும் குளிர்காலப் பட்டியல். ஊரடங்கு நடந்தது கோடையில், அனைவரும் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில். ஆகவே வீடுகளைப் பொறுத்தவரை அப்போது பெற்ற தொகை பெரும்பாலும் குறைவானதாகவே இருந்திருக்கும். கடைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் நிலைமை நேர்மாறு. நத்தம் ஆயத்தச் சட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஊரடங்கில் இயந்திரங்கள் நின்ற ஒரு கூடத்துக்கு, அது முழுவீச்சில் ஓடிய முந்தைய சுற்றின் தொகை பொருந்தாது. ஒரே விதி, ஒரே தெருவில், வீட்டுக்குக் குறைத்தும் கூடத்துக்கு மிகுத்தும் மதிப்பிட்டது.

கணக்கீடு மீண்டும் தொடங்கியபோது அளவி காட்டியது நான்கு மாத மொத்த நுகர்வை. கழகம் அதை இரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் 100 இலவச யூனிட்டும் உரிய அடுக்கும் கணக்கிட்டு, கூட்டுத்தொகையிலிருந்து முன்னர் செலுத்திய ரூபாயைக் கழித்தது. செலுத்திய தொகைக்கு உரிய யூனிட்டைக் கழிக்காமல் ரூபாயை மட்டும் கழித்ததால் நுகர்வோர் உயர் அடுக்குக்குத் தள்ளப்படுகின்றனர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. பகுத்துக் கணக்கிடுவது நுகர்வோருக்கே நன்மை என்பது கழகத்தின் நிலைப்பாடு. 2020 ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது. அதே மாதத்தில் அப்போதைய எதிர்க்கட்சியான தி.மு.க. மின்கட்டணத்தைக் கண்டித்து வீடுகளின் முன் கருப்புக்கொடிப் போராட்டம் நடத்தியது.

இரு தரப்பும் தத்தம் கூற்றைப் பொதுவிதியாகவே முன்வைத்தன. கட்டண அமைப்பை வைத்துச் சோதித்தால் இரண்டுமே பொதுவிதி ஆகா. நான்கு மாதத்தில் 1,000 யூனிட் நுகர்ந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மெய்யான நுகர்வு முதல் இருமாதத்தில் 400, அடுத்ததில் 600 எனில், உரிய நாளில் அளந்திருந்தால் 830 ரூபாயும் 2,440 ரூபாயும் சேர்ந்து 3,270 ரூபாய் வந்திருக்கும். 500, 500 எனப் பகுத்ததால் 2,260 ரூபாய். நுகர்வோருக்கு 1,010 ரூபாய் ஆதாயம். கழகத்தின் கூற்று இங்கே சரி.

இனி 1,020 யூனிட் நுகர்ந்த மற்றொரு வீடு. மெய்யான நுகர்வு 450, 570. உரிய நாளில் அளந்திருந்தால் 980 ரூபாயும் 2,242 ரூபாயும் சேர்ந்து 3,222 ரூபாய். 510, 510 எனப் பகுத்ததால் இரண்டு சுற்றும் வரம்பைத் தாண்டின. சுற்றுக்கு 1,846 ரூபாய் வீதம் 3,692 ரூபாய். நுகர்வோருக்கு 470 ரூபாய் இழப்பு. மனுதாரரின் கூற்று இங்கே சரி. இவ்விரு வீடுகளின் மொத்த நுகர்வில் உள்ள வேறுபாடு 20 யூனிட் மட்டுமே. பகுத்த பட்டியல்களின் வேறுபாடோ 1,432 ரூபாய்.

ஒவ்வொரு யூனிட்டும் முந்தையதைவிட விலை ஏறிச் செல்லும் சீரான அமைப்பில், சமமாகப் பகுப்பது எப்போதும் நுகர்வோருக்கு நன்மையே தரும். அடுக்கு தாவல் உள்ள அமைப்பில் அவ்வுறுதி இல்லை. குறை பகுத்தலில் மட்டும் இல்லை. பகுத்தலைத் தாங்காத கட்டண அமைப்பிலும் இருந்தது. அந்த ஆண்டின் விவாதங்களில் முறைகேடு என்ற சொல் மிகுதியாகப் புழங்கியது. இந்தத் தாவலைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. வரலாற்று நோக்கில் இது வருந்தத்தக்கது. ஏனெனில் முறைகேடு நிகழாமலே ஒருவர் மிகையாகச் செலுத்த நேரும் என்பதே இங்கு அறியவேண்டியது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. மேற்கண்ட இரண்டு எடுத்துக்காட்டுகளில் எது ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் பொருந்தும் என்று அறிய, ஏப்ரல் இறுதியில் அளவி காட்டிய எண் வேண்டும். அந்த எண்ணை யாரும் எழுதவில்லை. வெள்ளை அட்டையில் அச்சுற்றுக்கு அளவீடு இல்லை. அளவி தொடர்ந்து சுழன்றது. சான்று மட்டும் உருவாகவில்லை. மிகைவசூல் நடந்தது என்று நுகர்வோராலோ, நடக்கவில்லை என்று கழகத்தாலோ தனித்தனி இணைப்பு அளவில் மெய்ப்பிக்க இனி இயலாது. நிர்ணயத் தொகையின் உண்மையான விலை இதுவே எனக் கருதலாம்: சில நூறு ரூபாய் இழப்பைவிட, வழக்காடும் தகுதியை இழப்பது பெரிது.

உயர் மின்னழுத்த நுகர்வோரின் நிலை இதனுடன் ஒப்பிடத்தக்கது. திண்டுக்கல், வேடசந்தூர் பகுதி நூற்பாலைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒப்பந்த மின்தேவையில் 90 விழுக்காட்டுக்குக் குறையாத அளவுக்கு இவர்கள் தேவைக்கட்டணம் செலுத்தவேண்டும் என்பது நடப்பு. ஊரடங்கில் ஆலைகள் மூடிக்கிடந்தபோதும் அத்தொகை கேட்கப்பட்டதால் ஆலைத் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். மின்வழங்கல் தொகுப்பு விதிகளின் 6ஆம் விதி இத்தகைய சூழலில் 20 விழுக்காடு அல்லது பதிவான தேவை, இவற்றுள் மிகுந்ததையே பெறலாம் என்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதியின் பயனை அவர்களுக்கு அளித்தது. ஆலைகளிடம் பதிவாகிய தேவையின் எண்ணும், விதியின் வாசகமும், வழக்குரைஞரும் இருந்தனர். ஒரே பெருந்தொற்று, ஒரே கழகம், ஒரே நீதிமன்றம். ஆனால் தையற்கூடத்துக்காரர் கையில் எண் நிரப்பாத ஓர் அட்டை மட்டுமே இருந்தது.

6. கடல் கடந்த ஓர் ஒப்பீடு

பிரித்தானியாவில் வீட்டு எரிசக்திக் கட்டணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் நிலைத்தொகையாகச் செலுத்தப்படுகிறது. ஆண்டு நுகர்வை நிறுவனம் மதிப்பிட்டுப் பன்னிரண்டாகப் பகுக்கும். கோடையில் சேரும் மிச்சம் குளிர்காலத்தில் கரையும் என்பது ஏற்பாடு. 2022இல் எரிவாயு விலை உயர்ந்தபோது, மெய்யான தேவைக்கு மேலாகத் தொகை ஏற்றப்படுகிறது என்ற முறையீடுகள் பெருகின. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அவ்வாண்டு ஜூலையில் தன் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோரின் மாதத் தவணை இருமடங்குக்கு மேல் உயர்ந்திருந்ததைக் கண்டு, அவ்வுயர்வுகளை மறு ஆய்வு செய்யுமாறு நிறுவனங்களைப் பணித்தது. நுகர்வோரின் மிச்சப்பணத்தை நிறுவனங்கள் நடைமுறை மூலதனமாகப் பயன்படுத்துவதும் விவாதத்துக்கு உள்ளானது.

தமிழகத்தில் விற்பனையாளர் ஒருவரே. அதுவும் அரசு நிறுவனம். தானாகக் கழியும் தவணை இங்கே பெருவழக்கும் அன்று. எனினும் நுகர்வோர் பணம் முன்கூட்டியே வழங்குநரிடம் தங்கும் கூறு இங்கும் உண்டு. இணைப்பின்போது பெறும் வைப்புத்தொகை, நுகர்வு ஏறும்போது கூடுதல் வைப்புத்தொகையாக வளர்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வங்கி வட்டி வீதத்துக்குக் குறையாத வட்டியை அதற்கு வழங்கவேண்டும் என்கிறது. பிரித்தானிய நுகர்வோரின் மிச்சப்பணத்துக்கு வட்டி வழங்குமாறு கட்டாயப்படுத்தும் பொதுவிதி இல்லை என்பதை எண்ணினால், இந்தியச் சட்டம் இவ்வொரு கூறில் நுகர்வோர் பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துள்ளது.

7. அதன் பின்

2022 செப்டம்பரில் நடப்புக்கு வந்த கட்டண ஆணை வீட்டு இணைப்புகளின் நிலைக்கட்டணத்தை நீக்கியது. யூனிட் விலைகளை உயர்த்தியது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயும் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாயும் ஆயின. அடுக்கு தாவல் 656.60 ரூபாயிலிருந்து 233 ரூபாயாகச் சுருங்கியது. விலையேற்றத்தைப் பற்றிய சினத்தில் இந்தச் சுருக்கம் கவனிக்கப்படாமலே போனது.

மிகையாகப் பெற்ற தொகையை வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு தருகிறது. ஆனால் ஆணையம் வகுத்த கட்டணத்துக்கு மேற்பட்டதையே அப்பிரிவு மிகை என்கிறது. கட்டணத்துக்கு உட்பட்டே, பகுத்த முறையால் கூடியது அதன் வரையறைக்குள் எளிதில் அடங்காது. 42ஆம் பிரிவின்படி மின்பகிர்மான வட்டந்தோறும் அமைந்த குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் நாடலாம். நத்தத்தின் நுகர்வோர் திண்டுக்கல் வட்ட மன்றத்தில் முறையிடவேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது அளவீட்டுப் பதிவு.

2020 டிசம்பர் 31 அன்று மத்திய மின்துறை அமைச்சகம் மின்சார நுகர்வோர் உரிமை விதிகளை அறிவித்தது. தொடர்ந்து இருமுறை அளவியை அணுக இயலாவிட்டால், நாளும் எண்ணும் தெரியுமாறு அளவியைப் படமெடுத்து நுகர்வோரே அனுப்பலாம் என அவ்விதிகள் கூறுகின்றன. ஒரு நிதியாண்டில் இரண்டு கணக்கீட்டுச் சுற்றுகளுக்கு மேல் தற்காலிக மதிப்பீட்டுப் பட்டியல் தொடர்ந்தால், மெய்யான அளவீட்டின்படி பட்டியல் வரும் வரை தொகை செலுத்த நுகர்வோர் மறுக்கலாம் என்ற உரிமையும் தரப்பட்டது. 1910ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்பீட்டுக்கு விதித்த ஆறு மாத வரம்பு, நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் மீண்டு வந்ததாக இதனைக் காணலாம். அவ்வுரிமைக்கு ஒரு விலக்கும் உடன் வந்தது: இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க இயலாத அசாதாரணச் சூழலில் அது செல்லாது. 2020 ஏப்ரல் போன்றதொரு சூழல் மீண்டும் வந்தால், அவ்விலக்கின் கீழ், முந்தைய பட்டியலின் தொகையை மறுக்கும் உரிமை நுகர்வோருக்கு இல்லை; அளவியைப் படமெடுத்து வைத்துக்கொள்ள மட்டும் தடையில்லை.